இரைச்சல் கிட்டாரில் மட்டும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருவிழா மேடைக் கச்சேரிகளில் ஒலித்தரம் மோசம் என்று வாசகர்கள் குறைபடுவதில் நியாயம் உண்டு. மதுரைப் பக்கம் 22 வருடமாக மெல்லிசைக் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். என் கிட்டாரில் இருந்தவை சிங்கிள் காயில் பிக்கப். பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின் சைகையாக்கும் காந்தக் கருவி; சிங்கிள் காயில் என்றால் அதில் ஒரே ஒரு கம்பிச்சுருள். சீரியல் செட், டியூப்லைட்டுக்கு நடுவே நின்றால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் அப்படியே ‘ம்ம்ம்’ என்று ஸ்பீக்கரில் பாடும்.

போன மாசி மாதம் பிரிட்ஜ் (கம்பிகள் கிட்டார் உடலில் தாங்கி நிற்கும் இடம்) பக்கத்து பிக்கப்பை மட்டும் கழற்றிவிட்டு, அதே பள்ளத்தில் உட்காரும் ஹம்பக்கர் என்ற இரைச்சல் தடுக்கும் பிக்கப் போட்டேன். இதில் இரண்டு காயில்கள். ஒன்றுக்கொன்று சுற்றும் எதிர், காந்தமும் எதிர். அதனால் இரண்டிலும் வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், கம்பியின் நாதம் மட்டும் கூடும். 1955-லேயே அமெரிக்க கிட்டார் நிறுவனமான கிப்சனில் சேத் லவர் என்ற பொறியாளர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த சங்கதி. நானே பற்றவைத்ததில் வயர் மாறிப்போய், நடு பிக்கப்போடு சேர்த்தால் தகர டப்பா மாதிரிக் கேட்டது. இரண்டு வயரை மாற்றிப் பற்றவைத்த பிறகுதான் உயிர் வந்தது.

ஆனாலும் அண்மையில் ஒரு கோயில் மேடையில் மைக்கில் உதடு பட்டதும் சுள்ளென்று ஷாக். கையோ கிட்டார் கம்பியில். விசாரித்தால், ஜெனரேட்டருக்கு எர்த்தே கொடுக்கவில்லை! “எப்பவும் இப்படித்தாண்ணே போடுறது” என்றார் லைட் போட வந்த தம்பி. இதற்கு எந்த பிக்கப்பும் மருந்தில்லை. மேடைக்கு அனுமதி தரும்போதே எர்த் கம்பியைச் சோதிக்க அதிகாரிகள் உத்தரவிட வேண்டும்.

– மேடை கிட்டார் கலைஞர், செல்லூர், மதுரை