செயலாளரின் ஆண்டறிக்கை: பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மன்ற உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது ரசிகர் மன்றத்தின் 2024–25 ஆம் ஆண்டுக்கான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

சென்ற ஆண்டு இதே கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, "கெய்ட்லின் கிளார்க் கல்லூரி ஆட்டத்தை முடித்துக்கொண்டு போய்விட்டார். இனி யாரைப் பார்க்க நாம் கூடப் போகிறோம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நம்மில் பாதிப் பேர் ஐயோவா பல்கலைக்கழகத்துக்காக அவர் ஆடியதைப் பார்த்துவிட்டு மன்றத்தில் சேர்ந்தவர்கள். 2024 ஏப்ரலில் ஐயோவாவும் தென் கரோலினாவும் மோதிய தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதி ஆட்டத்தை அமெரிக்காவில் சராசரியாக 1 கோடியே 89 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் 1 கோடியே 48 லட்சம் பேர்தான். பெண்கள் ஆட்டம் ஆண்கள் ஆட்டத்தை முந்தியது வரலாற்றில் அதுவே முதல் முறை. அந்த வெள்ளம் வடிந்தால் நாமும் வடிந்துவிடுவோமோ என்ற அச்சம் செயற்குழுவில் எல்லோருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது.

வெள்ளம் வடியத்தான் செய்தது. 2025 இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் 85 லட்சம் பேர். நமது உறுப்பினர் எண்ணிக்கையும் 41-லிருந்து 33 ஆகக் குறைந்தது. ஆனால் 2022-ல் இதே இறுதி ஆட்டத்துக்கு 49 லட்சம் பேர்கூட இல்லை. மூன்றே ஆண்டுகளில் குளத்தின் நீர்மட்டம் எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள்.

இந்த ஆண்டு மன்றம் செய்த பெரிய மாற்றம் ஒன்றுதான். முன்பெல்லாம் அரையிறுதிக்கும் இறுதிக்கும் மட்டும் கூடுவோம். இம்முறை முதல் நாளிலிருந்தே பார்ப்பது என்று பிப்ரவரியில் தீர்மானித்தோம். 68 அணிகள், 67 ஆட்டங்கள்; ஒருவரே எல்லாவற்றையும் பார்க்க முடியாது. ஆகவே குடும்பத்துக்கு ஓர் அணி என்று பிரித்துக்கொண்டோம். யாரும் பெயர் அறியாத அணிகளாகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தலைவர் பிடிவாதமாகச் சொன்னார். அந்தப் பிடிவாதத்துக்கு இந்த அறிக்கையின் வழியே நன்றி சொல்கிறேன்.

எனக்கு வந்தது வில்லியம் அண்ட் மேரி. 1693-ல் தொடங்கிய பழம்பெரும் கல்லூரி. ஆனால் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் இந்தப் பெண்கள் போட்டியில் அதன் அணி அதுவரை ஒருமுறைகூட ஆடியதில்லை. அந்தப் பருவத்தில் வென்ற ஆட்டங்களைவிடத் தோற்றவையே அதிகம். சில கல்லூரிகள் சேர்ந்த தங்கள் கூட்டமைப்பின் கோப்பைப் போட்டிக்கு ஒன்பதாவது தரவரிசையில் போய், அங்கே வரிசையாக வென்று, கோப்பையோடு தேசியப் போட்டிக்குள் வந்தவர்கள். தொடக்கச் சுற்றில் ஹை பாயிண்ட் அணியை 69–63 என்று தோற்கடித்தார்கள். இரண்டு நாட்களில் டெக்சஸிடம் பெருந்தோல்வி, பயணம் முடிந்தது. ஆனால் அந்த 69–63 முடிந்து விளையாடியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கொண்டாடியபோது, இத்தனை ஆண்டுகளாக எதைப் பார்க்காமல் விட்டோம் என்பது எனக்கு விளங்கிவிட்டது. வருகிற மார்ச்சிலும் எனக்கு இப்படியோர் அணியையே ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

போட்டியின் அமைப்பைப் பற்றி உறுப்பினர்களிடையே நடந்த விவாதத்தையும் பதிவு செய்ய வேண்டும். பெண்கள் போட்டியில் அணிகளை நான்கு பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரவரிசை கொடுக்கிறார்கள். நான்கு பிரிவுகளிலும் முதல் நான்கு தரவரிசை பெறும் 16 அணிகள், முதல் இரண்டு சுற்றுகளைத் தங்கள் சொந்த அரங்கிலேயே ஆடுகின்றன. ஆண்கள் போட்டியில் இப்படி இல்லை. எல்லாம் பொது இடத்தில்தான். சொந்த அரங்கு என்பதால் முதல் நாளிலிருந்தே கூட்டம் நிரம்புகிறது, சத்தம் கூரையைப் பிளக்கிறது. ஆனால் வெளியூரிலிருந்து வரும் அணிக்கு அந்தச் சத்தமே இன்னோர் எதிரணி. 2025-ல் ஆட்டம் நடத்திய 16 அணிகளில் 13 அணிகள் அடுத்த சுற்றுக்குப் போயின. தோற்ற மூன்றும் நான்காம் தரவரிசை அணிகள். முதல் மூன்று தரவரிசைகளில் இருந்த 12 அணிகளில் ஒன்றுகூட விழவில்லை. சிறு கல்லூரிகளுக்குக் கதவு இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும் என்பது என் கருத்து. 1998-ல் 16-ஆம் தரவரிசையில் இருந்த ஹார்வர்டு, முதல் தரவரிசை ஸ்டான்ஃபோர்டை அதன் சொந்த அரங்கிலேயே 71–67 என்று வீழ்த்தியதைப் பொருளாளர் எடுத்துச் சொல்லி என் கருத்தை மறுத்தார். ஆண்கள் போட்டியில் அப்படியொரு வெற்றிக்கு 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் சொன்னது சரி. என்றாலும் அது ஒரு ஹார்வர்டு. விவாதம் முடியவில்லை.

மார்ச் 24, திங்கட்கிழமை. அந்த ஒரு நாளுக்கு மட்டும் தனி அறிக்கை எழுதலாம்.

காரில் போய்வரும் தூரம் என்பதால் நம்மில் ஒன்பது பேர் மேரிலாந்து பல்கலைக்கழக அரங்குக்குப் போயிருந்தோம். மேரிலாந்துக்கும் அலபாமாவுக்கும் இரண்டாம் சுற்று. எங்களோடு உறுப்பினர் ஒருவரின் 12 வயது மகளும் வந்தாள். கையில் ஸ்கோர் புத்தகம், காதில் செருகிய பென்சில். ஒவ்வொரு வீராங்கனைக்கும் ஒரு வரி. கூடையில் விழும் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டே வந்தாள். ஒரு கட்டத்தில் மேரிலாந்து 17 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. அங்கிருந்து எழுந்து வந்து ஆட்டத்தைச் சமன் செய்தார்கள். ஐந்து நிமிடக் கூடுதல் நேரம். அதிலும் சமன். மறுபடியும் ஐந்து நிமிடம். இதற்குள் அலபாமாவின் சாரா ஆஷ்லி பார்க்கருக்கு ஒதுக்கிய வரியில் இடம் தீர்ந்துவிட்டது. அந்தப் பெண் கீழ்வரிக்கு ஓர் அம்புக்குறி போட்டாள். அதுவும் நிறைந்ததும் பக்கத்தின் ஓரத்தில் எழுதினாள். கடைசியில் கூட்டிப் பார்த்தால் 45 புள்ளிகள். ஆட்டமோ மேரிலாந்துக்கு, 111–108.

45 புள்ளி எடுத்தவர் தோற்ற அணியில் இருந்தார். எங்கள் வரிசையில் எல்லோரும் மேரிலாந்துச் சட்டை அணிந்தவர்கள். வென்ற மகிழ்ச்சியில் குதித்துக்கொண்டிருந்த அவர்கள் நடுவே இந்தக் குழந்தை மட்டும் உட்கார்ந்தபடி, அந்த நிறைந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயா, இவ்வளவு எடுத்தும் வீட்டுக்குப் போக வேண்டுமா?" என்று கேட்டாள். ஆமாம் அம்மா, போக வேண்டும் என்றேன். வேறு என்ன சொல்ல? மூன்று வாரம் கழித்துத் தொழில்முறை அணிகளுக்கான தேர்வில் லாஸ் ஏஞ்சல்ஸ் அணி பார்க்கரை ஒன்பதாவதாக எடுத்துக்கொண்டது என்ற செய்தி வந்த இரவு, முதலில் எனக்குத் தொலைபேசியில் சொன்னவள் அவள்தான்.

அன்றைய நாள் அதோடு முடியவில்லை. வீடு திரும்பி, தெற்கு கலிஃபோர்னியாவும் மிசிசிப்பி ஸ்டேட்டும் ஆடிய ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் போட்டோம். முதல் குவார்ட்டரிலேயே தெற்கு கலிஃபோர்னியாவின் ஜூஜூ வாட்கின்ஸ் பந்தோடு வேகமாக முன்னேறினார், தடுக்க இருவர் நெருங்கினர், வலது காலை ஊன்றினார், முழங்கால் மடங்கிவிட்டது. 19 வயதுப் பெண். அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முழங்கால் தசைநார் கிழிந்திருந்தது. அவருடைய அணி 96–59 என்று வென்றது. கிகி இரியாஃபென் மட்டும் 36 புள்ளிகள் எடுத்தார். அந்த 36 புள்ளிகளில் இருந்த ஆவேசத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 2025 செப்டம்பர் இறுதியில், 2025–26 பருவம் முழுவதும் ஆடப்போவதில்லை என்று வாட்கின்ஸ் அறிவித்தார். அவர் அவசரப்படாமல் இருப்பது நல்லது. முழுதாகக் குணமாகி வரட்டும்.

இந்தத் தசைநார்க் காயம் ஒரே மாதிரி விளையாட்டுகளில் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வருகிறது. இடுப்பு, முழங்கால் அமைப்பு, குதித்து இறங்கும் விதம், தசைகளின் வலிமை எனப் பல காரணங்கள் சொல்கிறார்கள். குதித்து இறங்குவதை முறையாகப் பழக்கும் பயிற்சிகள் ஆபத்தைக் குறைக்கின்றன என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. நம் உறுப்பினர்களின் மகள்கள் பலர் பள்ளி அணிகளில் ஆடுகிறார்கள். அவர்களின் பயிற்சியில் இது சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பெற்றோர் ஒவ்வொருவரும் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டும். கல்லூரி நாட்களில் சிமெண்டுத் தரையில் ஆடி இரண்டு முழங்கால்களையும் கெடுத்துக்கொண்ட நம் மூத்த உறுப்பினர், ஜூன் கூட்டத்தில் இதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அந்தப் பேச்சுக்கு வந்திருந்தவர்கள் மிகக் குறைவு. மறுபடியும் ஏற்பாடு செய்கிறேன், தயவுசெய்து வாருங்கள்.

கடைசி 16 அணிகள் ஆடும் மண்டலச் சுற்று ஸ்போகேனிலும் பர்மிங்ஹாமிலும் நடந்தது. 2023 முதல் நான்கு ஊர்களுக்குப் பதில் இரண்டே ஊர்கள். நாட்டின் கிழக்குக் கோடியில் இருக்கும் கனெக்டிகட் அணி மேற்கே ஸ்போகேன் வரை பறந்தது. பின்னால் போக எத்தனை ரசிகர்களால் முடியும்? இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

அந்தச் சுற்றில் கனெக்டிகட்டின் பெய்ஜ் பியூக்கர்ஸ் ஓக்லஹோமாவுக்கு எதிராக 40 புள்ளிகள் எடுத்தார். டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் ஹெய்லி வான் லித், மூன்றாவது கல்லூரிக்காகக் கடைசி எட்டு அணிகளுக்குள் வந்து நின்றார். முன்பு லூயிவில், லூசியானா ஸ்டேட், இப்போது இது.

டாம்பாவில் நடந்த அரையிறுதி, இறுதி ஆட்டங்களுக்கு நூலக அரங்கை வாடகைக்கு எடுத்திருந்தோம். கனெக்டிகட்டும் லாஸ் ஏஞ்சல்ஸின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகமும் (யூ.சி.எல்.ஏ.) ஆடிய அரையிறுதியின் நடுவே நமது பழைய புரொஜெக்டர் அணைந்துபோனது. எல்லோரும் ஒரு மடிக்கணினியைச் சுற்றி நின்று பார்த்தோம். வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். அந்த ஆட்டம் 85–51. அரையிறுதி வரலாற்றிலேயே மிகப் பெரிய வித்தியாசம். யூ.சி.எல்.ஏ.வின் 51 புள்ளிகளில் 26 லாரன் பெட்ஸ் ஒருவருடையது. ஆறடி ஏழங்குல உயரம். பந்து அவர் கைக்குப் போனால் கூடைதான். ஆனால் பந்து அவர் கைக்குப் போகும் வழியையே கனெக்டிகட் அடைத்துவிட்டது. மற்ற நால்வரும் தவித்தார்கள். தடுப்பாட்டம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்த ஆட்டத்தைத்தான் காட்டுவேன்.

ஏப்ரல் 6-ஆம் தேதி இறுதி ஆட்டம். நடப்புச் சாம்பியன் தென் கரோலினாவை கனெக்டிகட் 82–59 என்று வென்றது. 2016-க்குப் பிறகு அவர்களுக்கு முதல் கோப்பை, மொத்தத்தில் பன்னிரண்டாவது. ஆஸி ஃபட் 24 புள்ளிகள். போட்டியின் சிறந்த வீராங்கனையும் அவரே. முதலாண்டு மாணவி சாரா ஸ்ட்ராங் 24 புள்ளிகளோடு 15 ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். டான் ஸ்டேலி பயிற்சியளிக்கும் தென் கரோலினா, மேரிலாந்தை 71–67, டியூக்கை 54–50 என்று மூச்சுத்திணறி வென்று வந்த அணி. அந்தக் களைப்பு இறுதியில் தெரிந்தது என்று நான் நினைக்கிறேன்.

பியூக்கர்ஸுக்கு அன்று 17 புள்ளிகள்தான். பந்து நன்றாக விழவில்லை. ஆனால் பந்தோடு அவர் உள்ளே நுழையும்போதெல்லாம் இரண்டு பேர் அவரை நோக்கி ஓடினார்கள். அப்போது ஃபட் எங்கே தனியாக நிற்கிறார் என்று பாருங்கள் என மூத்த உறுப்பினர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். பந்து இருக்கும் இடத்தை விட்டுவிட்டுப் பந்து இல்லாத இடத்தைப் பார்க்க அன்றுதான் பலர் பழகினோம். கடைசி நிமிடங்களில் பியூக்கர்ஸை வெளியே அழைத்தபோது பயிற்சியாளர் ஜீனோ ஆரியம்மாவும் அவரும் நெடுநேரம் அணைத்தபடி நின்றார்கள். இருவர் கண்ணிலும் நீர். 2022–23 பருவம் முழுவதும் முழங்கால் காயத்தால் வெளியே உட்கார்ந்திருந்தவர் அவர். அதற்கடுத்த பருவத்தில் இரண்டே ஆட்டங்களோடு உட்கார வேண்டிவந்தவர் ஃபட். மார்ச் 24 இரவை நினைத்துக்கொண்டுதான் அந்த இருவரையும் நாங்கள் பார்த்தோம்.

அந்த நூலக அரங்கில் அன்று இருந்தவர்கள் 29 பேர். சென்ற ஆண்டு "இனி யாரைப் பார்க்க?" என்று கேட்ட உறுப்பினரும் முன்வரிசையில் இருந்தார், அவர் குடும்பம் எடுத்துக்கொண்ட அணி தெற்கு டகோட்டா ஸ்டேட், ஒரு சுற்று வென்று இரண்டாம் சுற்றில் கனெக்டிகட்டிடமே தோற்ற அணி.

பணம் பற்றி ஒரு செய்தி. இந்தப் போட்டியில் ஆடும் பெண்கள் அணிகளின் கூட்டமைப்புகளுக்கு என்.சி.ஏ.ஏ. பணம் தரத் தொடங்கியது 2025-ல்தான். ஜனவரியில் நடந்த வாக்கெடுப்பில் எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை. முதல் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டாலர். ஆண்கள் அணிகளுக்கு இது 1991 முதலே உண்டு. 2021-ல் சான் அன்டோனியோவில் பெண்கள் அணிகளின் உடற்பயிற்சிக்கு ஓர் அடுக்கு டம்பெல்ஸை மட்டும் வைத்திருந்ததை ஓரிகான் வீராங்கனை ஒருவர் படம்பிடித்து வெளியிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான், 2022-ல், அணிகள் 64-லிருந்து 68 ஆயின. அதுவரை ஆண்கள் போட்டிக்கு மட்டும் இருந்த 'மார்ச் மேட்னஸ்' என்ற பெயரும் பெண்கள் போட்டிக்குக் கிடைத்தது. கேட்காமல் எதுவும் வரவில்லை. கேட்டவர்களை நாம் மறக்கக் கூடாது.

கணக்கு: ஆண்டுச் சந்தா 20 டாலர் வீதம் 33 உறுப்பினர்களிடமிருந்து 660 டாலர் வரவு. செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். புரொஜெக்டரை மாற்ற அனுமதி கோருகிறேன்.

2026 மண்டல ஆட்டங்கள் ஃபோர்ட் வொர்த்திலும் சாக்ரமெண்டோவிலும், அரையிறுதியும் இறுதியும் ஃபீனிக்ஸிலும் நடைபெறும். பயணம் செய்ய விரும்புவோர் ஜனவரிக்குள் பெயர் கொடுக்கவும். அணிகளைக் குடும்பங்களுக்கு ஒதுக்கும் பணி, அணிகள் அறிவிக்கப்பட்ட மறுநாள் மாலையே நடக்கும்.

மார்ச் 24 ஆட்டத்தின் ஸ்கோர் பக்கத்தின் நகலை மன்றப் பதிவேட்டில் ஒட்டியிருக்கிறேன். அசல் அந்தப் பெண்ணிடமே இருக்கிறது. அவளுடைய புத்தகம் முடிந்துவிட்டதால், வரிகள் நீளமாக உள்ள புதிய ஸ்கோர் புத்தகம் ஒன்றை மன்றச் செலவில் வாங்கித் தரும் தீர்மானத்தை முன்மொழிகிறேன். வழிமொழியுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்