மைக்குக்கு முன்னால் இருப்பவருக்கு மட்டும்தான் தண்டனையா?

வெகுசன ஊடக அமைச்சர் அவர்களுக்கும், தனியார் வானொலி, தொலைக்காட்சி நிறுவனங்களின் பணிப்பாளர் சபையினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

ஒலிபரப்பில் ஒருவர் தகாத வார்த்தை சொல்லிவிட்டால் அவருக்கு என்ன நடக்கும் என்று இந்த நாட்டில் எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சொன்னது என்ன என்பதைப் பார்த்து அது முடிவாவதில்லை. சொன்னவர் யார், அவருக்குப் பின்னால் நிற்பவர் யார், கோபப்பட்டவர் யார் என்பதைப் பார்த்தே முடிவாகிறது. கொழும்பின் தமிழ் வானொலிகளில் முதலில் பகுதிநேர அறிவிப்பாளராகவும் பின்னர் நிகழ்ச்சித் தயாரிப்பாளராகவும் பல காலம் பணியாற்றிய அனுபவத்தில் இதை எழுதுகிறேன். உங்கள் இரு தரப்பினரையும் ஒரே மடலில் விளிப்பதற்குக் காரணம் உண்டு. நிலையங்களிடம் கேட்டால் அமைச்சைக் கைகாட்டுகிறார்கள், அமைச்சிடம் கேட்டால் அது நிலையங்களின் உள்விவகாரம் என்கிறார்கள்.

நான் பணிபுரிந்த நிலையமொன்றில் நடந்த இரண்டு விடயங்களை முதலில் சொல்ல வேண்டும். காலை நிகழ்ச்சியில் 'பிராங்க் கோல்' என்ற பகுதி இருந்தது. நேயர்களிடையே அதற்கு நல்ல வரவேற்பும் இருந்தது. ஒருநாள் கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அழைப்பெடுத்து, வளைகுடா நாடொன்றில் வேலை செய்யும் அவருடைய கணவரைப் பொலிஸார் பிடித்துவிட்டதாகவும், உடனடியாகப் பணம் கட்டாவிட்டால் வெளியே எடுக்க முடியாது என்றும், வேலைவாய்ப்பு முகவர் போலப் பேசினார்கள். அந்தப் பெண் முதலில் நம்பவில்லை. கணவரின் பெயரையும் ஊரையும் சரியாகச் சொன்னதும் குரல் உடைந்து, பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் "அம்மம்மாவைக் கூப்பிடு" என்று சொன்னதும், அதன் பின்னர் வார்த்தை வராமல் அழுததும் அப்படியே ஒலிபரப்பாகின. "அக்கா, அழாதீங்க, இது சும்மா பகிடிக்கு" என்று அறிவிப்பாளர் சொன்ன இடத்தில் சிரிப்பொலி சேர்க்கப்பட்டிருந்தது.

இது நேரலையில் வாய் தவறி வந்தது அல்ல. முதல்நாள் மாலையே பதிவு செய்து, நீளத்தைக் குறைத்து, சிரிப்பொலி கோத்து, தொடக்கத்திலும் முடிவிலும் அனுசரணையாளரின் பெயர் வருமாறு தொகுத்து, நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கேட்டுத் தலையாட்டிய பின்னரே அது காற்றில் போனது. அதைத் தடுத்திருக்கக்கூடியவர்கள் மூன்று நான்கு பேராவது இருந்தார்கள், ஒரு முழு இரவும் இருந்தது. எவருக்கும் எந்த நடவடிக்கையும் இல்லை; அந்த வாரக் கூட்டத்தில் பாராட்டுத்தான் கிடைத்தது.

அதே காலத்தில், அதே நிலையத்தில், இளம் அறிவிப்பாளர் ஒருவர் மாலைநேர நேரலையில் காலி வீதியின் வாகன நெரிசல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பிரமுகர் ஒருவரின் வாகனத் தொடரணிக்காக வீதி மூடப்பட்டிருந்ததைக் குறிப்பிட்டு, "அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு முடிக்கும்வரைக்கும் நாங்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான்" என்றார். அவ்வளவுதான். விளம்பர இடைவேளை முடிவதற்குள் நிலையப் பணிப்பாளருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. மறுநாள் காலை, சுவரில் ஒட்டியிருந்த வாராந்தக் கடமைப் பட்டியலில் அவருடைய பெயருக்கு மேல் டிப்பெக்ஸ் பூசப்பட்டிருந்தது. பகுதிநேர அறிவிப்பாளருக்கு நியமனக் கடிதம் கிடையாது என்பதால் நீக்கற் கடிதமும் தேவைப்படவில்லை. விசாரணையும் இல்லை, மேன்முறையீடும் இல்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி என்று நம்மவர்கள் சும்மா சொல்லவில்லை.

இதைச் சொல்வதால், பிராங்க் கோல் செய்த அறிவிப்பாளரையும் வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்று நான் கேட்பதாக எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தொடரணி பற்றிய பகிடிக்கு எந்தத் தண்டனையும் இருந்திருக்கக் கூடாது. அழவைக்கப்பட்ட பெண்ணிடம் நிலையம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதற்கான பொறுப்பு தொகுப்பை அனுமதித்தவரிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் நம் நிலையங்களில் பொறுப்பு எப்போதும் மைக்குக்கு முன்னால் இருப்பவரோடு நின்றுவிடுகிறது. அவரும் முகம் தெரிந்த 'ஸ்டார்' அறிவிப்பாளராக இருந்தால், அனுசரணையாளர்களைக் கொண்டுவருபவராக இருந்தால், அவரிடம்கூடப் போவதில்லை.

இன்னொன்றையும் தமிழ் நிலையங்களில் இருப்பவர்கள் கேட்டே ஆக வேண்டும். சிங்கள அலைவரிசையொன்றில் தமிழரைப் பற்றி இழிவாக ஒரு வசனம் வந்தால் நமக்குப் பொத்துக்கொண்டு வருகிறது, அது நியாயமே. ஆனால் நமது நகைச்சுவைப் பகுதிகளில் ஏமாளி வேடம் என்றால் மலையகப் பேச்சு, கஞ்சன் வேடம் என்றால் முஸ்லிம் பேச்சு, வீட்டு வேலைக்காரப் பெண் என்றால் மறுபடியும் மலையகப் பேச்சு என்று வைத்துக்கொண்டு சிரிக்கிறோமே, அதற்கு எந்த நிலையத்தில், எந்தப் பணிப்பாளர், எப்போது விளக்கம் கேட்டிருக்கிறார்? மலையகத்தின் ஹற்றனிலிருந்து வந்து கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் இளைஞர்கள்தான் இந்த வானொலிகளை நாள் முழுவதும் கேட்பவர்கள் என்பது விளம்பரப் பிரிவினருக்கு நன்றாகத் தெரியும்.

அமைச்சர் அவர்களே, இனி உங்கள் பக்கம். தனியார் வானொலிகளுக்கான அனுமதிப்பத்திரம் 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் 44ஆம் பிரிவின் கீழும், தொலைக்காட்சிகளுக்கான அனுமதிப்பத்திரம் 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் 28ஆம் பிரிவின் கீழும் வழங்கப்படுகின்றன. அரச வானொலியையும் அரச தொலைக்காட்சியையும் நடத்துவதற்காக எழுதப்பட்ட இரண்டு சட்டங்களின் ஒவ்வொரு மூலையிலிருந்துதான் ஒரு முழுத் தனியார் துறையும் அனுமதி பெறுகிறது. அனுமதி அமைச்சரின் கையில் இருக்கிறது; சுயாதீனமான ஒழுங்குபடுத்தும் அமைப்பு எதுவும் இல்லை. 1973ஆம் ஆண்டின் பத்திரிகைப் பேரவைச் சட்டம் பத்திரிகைகளுக்கானது. கொட்டாஞ்சேனைப் பெண்ணுக்கு முறைப்பாடு செய்ய ஒரு முகவரிகூடக் கிடையாது. ஆகவே அமைச்சிடம் இருப்பவை இரண்டே தெரிவுகள்: அனுமதிப்பத்திரத்தைப் பறிப்பது, அல்லது பேசாமல் இருப்பது. எச்சரிக்கை, திருத்தம், மன்னிப்பு, தண்டப்பணம் என்று இடையில் இருக்க வேண்டிய படிகள் இல்லாததால், எந்தப் பக்கம் சாய்வது என்பதை அரசியல் தீர்மானிக்கிறது.

2007 ஒக்டோபரில், விடுதலைப் புலிகளின் தாக்குதல் பற்றித் தவறான செய்தியொன்று ஒலிபரப்பானதற்காக ஏ.பி.சி. என்ற தனியார் வானொலி வலையமைப்பின் அனுமதிப்பத்திரம் இரத்துச் செய்யப்பட்டது. ஹிரு, ஷா, சூரியன், சன், கோல்ட் ஆகிய ஐந்து வானொலிகளும் ஒன்றாக மௌனமாகின. பழைய ஆங்கிலப் பாடல்களை ஒலிபரப்பிக்கொண்டிருந்த கோல்ட் எப்.எம். தேசிய பாதுகாப்புக்கு என்ன ஊறு செய்தது என்று அன்று கேட்க எவருக்கும் இடமிருக்கவில்லை. தவறான செய்தி தவறான செய்திதான். அதற்குத் திருத்தமும் மன்னிப்பும், தேவையானால் தண்டமும் இருக்கலாம். ஐந்து நிலையங்களை மூடியது தண்டனை என்பதைவிட மற்றவர்களுக்குக் காட்டிய விரல்.

2019 மே மாதத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின்னர், குருநாகல் வைத்தியசாலையில் பணியாற்றிய முஸ்லிம் மருத்துவர் ஒருவர் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று பத்திரிகையொன்றில் தொடங்கிய கதை, தொலைக்காட்சிகளில் நாட்கணக்கில் ஓடியது. அவர் கைது செய்யப்பட்டார். அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்கு அறிக்கையிட்டது. அவர் பிணையில் வெளிவந்து, பிற்காலத்தில் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டார். ஒரு முழுச் சமூகத்தின் மீதும் அச்சத்தை விதைத்த அந்தச் செய்திகளுக்காக எந்தத் தொலைக்காட்சியின் அனுமதிப்பத்திரம் பறிக்கப்பட்டது? எந்த நிலையம் முதன்மைச் செய்தியில், அதே நேரத்தில், அதே நீளத்தில் திருத்தம் வெளியிட்டது?

கடுமையான சட்டம் இல்லாமலா? 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3ஆம் பிரிவு, இன, மத வெறுப்பைத் தூண்டுவோருக்குப் பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது; பிணை பெற மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்தச் சட்டம் யார் மீது பாய்ந்தது? சிறுகதை ஒன்றை எழுதிய சக்திக சத்குமார 2019இல் நான்கு மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். வெறுப்புப் பிரசாரத்துக்கு எதிராகவே முகநூலில் எழுதிய ரம்ஸி ராஸிக் 2020இல் ஐந்து மாதங்கள் அடைக்கப்பட்டார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. நகைச்சுவைக் கலைஞர் நதாஷா எதிரிசூரிய 2023இல் ஐந்து வாரங்களுக்கு மேல் சிறையில் இருந்தார். தனி மனிதர் பேசினால் சிறை, அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் ஒளிபரப்பினால் மௌனம் என்பதுதான் நடைமுறை என்றால், அந்தச் சட்டம் வெறுப்புக்கு எதிரானது என்று எப்படி நம்புவது?

பிரித்தானியாவில் எல்லாம் சீராக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். 2008 ஒக்டோபரில் பி.பி.சி.யின் இரண்டாம் வானொலியில் அறிவிப்பாளர்களான ரஸல் பிராண்டும் ஜொனத்தன் ரோஸும், 78 வயது நடிகர் அன்ட்ரூ சாக்ஸின் தொலைபேசியில் அவருடைய பேத்தி பற்றி ஆபாசமான செய்திகளை விட்டார்கள். அதுவும் முன்கூட்டியே பதிவான நிகழ்ச்சிதான். பிராண்ட் விலகினார், பெருஞ்சம்பளக்காரரான ரோஸ் பன்னிரண்டு வாரங்கள் சம்பளமின்றி இடைநிறுத்தப்பட்டுத் திரும்பி வந்தார். அங்கும் நட்சத்திரத்துக்குச் சலுகைதான் என்று சொல்லலாம். ஆனால் அந்த வானொலியின் கட்டுப்பாட்டாளரும் பதவி விலகினார் என்பதையும், அந்நாட்டின் ஒலி, ஒளிபரப்பு ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒஃப்கொம் 1,50,000 பவுண் தண்டத்தை அறிவிப்பாளர்கள் மீதன்றி பி.பி.சி. மீதே விதித்தது என்பதையும், அதற்கான காரணங்களைப் பகிரங்கமாக வெளியிட்டது என்பதையும் நமது நிலையங்கள் கவனிக்க வேண்டும். 2019இல் ட்ரம்பின் டுவிட்டர் பதிவுகளைப் பற்றி நேரலையில் கருத்துச் சொன்னதற்காக அறிவிப்பாளர் நாகா முன்செட்டி மீது மட்டும் பி.பி.சி. குற்றம் கண்டது, அவரிடம் கேள்வி கேட்டுப் பேசவைத்த சக அறிவிப்பாளர் மீது எதுவும் இல்லை. அந்த முடிவு பகிரங்கமாக இருந்ததால்தான் அதிலிருந்த பாரபட்சம் எல்லோருக்கும் தெரிந்தது, பணிப்பாளர் நாயகம் அதை மாற்றவும் நேர்ந்தது. நம்மிடம் முடிவே எழுத்தில் இல்லை. பாரபட்சம் இருக்கிறது என்று நிரூபிக்கக்கூட டிப்பெக்ஸ் பூசிய ஒரு பட்டியல்தான் மிஞ்சுகிறது.

புதிய ஆணைக்குழுவொன்றை அவசரமாக அமைத்துவிடுவதாலும் இது தீராது. 1997இல் கொண்டுவரப்பட்ட ஒலி, ஒளிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் கூறியது. அந்த அதிகாரசபை அரசிடமிருந்து சுயாதீனமாக இல்லை என்பதும், அரச நிலையங்களுக்கும் தனியார் நிலையங்களுக்கும் வேறுவேறு விதி என்பதும் அன்றே சுட்டிக்காட்டப்பட்ட குறைகள். 2023இல் வெளியான வரைவுக்கும் ஊடகவியலாளர்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. அதற்கு முன்னர், 1996இல், வானொலிக் கல்வி நிகழ்ச்சியொன்று திடீரென நிறுத்தப்பட்ட வழக்கில், அதில் பங்குபற்றி வந்த நேயருக்கும் பேச்சுச் சுதந்திரம் உண்டு என்று அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அலைவரிசை உங்கள் இரு தரப்பினரின் சொத்தும் அல்ல என்று நேயர்கள் கேட்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் தேவையில்லை.

நான் கேட்பவை பெரிய செலவுள்ளவை அல்ல. எது தகாத பேச்சு, அதற்கு என்ன படிமுறை நடவடிக்கை என்பதை மூன்று மொழிகளிலும் எழுதி வெளியிடுங்கள். ரூபவாஹினிக்கும் இலங்கை வானொலிக்கும் அதே விதி பொருந்த வேண்டும். முன்பதிவான நிகழ்ச்சியில் வரும் குற்றத்துக்கு நேரலையில் வாய் தவறியதைவிடக் கூடிய பொறுப்பு இருக்க வேண்டும். அது அனுமதித்த அதிகாரியிடமிருந்தும் நிறுவனத்திடமிருந்தும் தொடங்க வேண்டும். அறிவிப்பாளர் பகுதிநேரமானவராக இருந்தாலும் குற்றச்சாட்டை எழுத்தில் பெறவும் பதில் சொல்லவும் உரிமை வேண்டும். முறைப்பாடுகளையும் முடிவுகளையும் மாதந்தோறும் வெளியிடுங்கள். அமைச்சரிடமிருந்தோ அனுசரணையாளரிடமிருந்தோ தொலைபேசியில் வந்த முறைப்பாடும் அதே பதிவேட்டில் ஏற வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றைப் பணிப்பாளர் சபையினர் இப்போதே செய்யலாம்: முன்பதிவான ஒவ்வொரு பகுதியின் கோப்பிலும் அதை ஒலிபரப்ப அனுமதித்தவரின் கையொப்பத்தை வாங்கி வையுங்கள். அமைச்சர் அவர்களே, 2007 முதல் இன்றுவரை ஒலிபரப்பில் வந்த பேச்சுக்காக உங்கள் அமைச்சு எந்தெந்த நிலையத்துக்கு என்ன கடிதம் அனுப்பியது என்ற பட்டியலை வெளியிடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இதே கேள்வியைத் தனியாகவும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் வானொலி நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஒருவர்
வெள்ளவத்தை, கொழும்பு 06