அளக்க வரும்போது சனிக்கிழமை வாருங்கள்

கொடைக்கானல் நகர விற்பனைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஏரிச் சாலையிலும் ஏழு ரோடு சந்திப்பிலும் தள்ளுவண்டிகளுக்கு இடம் குறிப்பதைப் பற்றி எழுதுகிறோம். கூடுதல் இடம் கேட்கவில்லை. அளக்கும் விதத்தைத்தான் சொல்ல வருகிறோம்.

முதலில், கணக்கெடுத்து அளக்கும் நாள். 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பில் பதிவான இயல்புச் சந்தையை, அதாவது விற்பவரும் வாங்குபவரும் வழக்கமாகக் கூடும் இடத்தை, விற்பனை கூடாத பகுதியாக அறிவிக்க முடியாது. பதிவாகாமல் போனால் அந்தப் பாதுகாப்பும் போயிற்று. செவ்வாய்க்கிழமை காலைத் தூறலில் எண்ணினால் பாதி வண்டிகள் தார்ப்பாய்க்குள்தான் இருக்கும். 2024 மே 7 முதல் மலைக்கு வரும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் இருக்கிறது. எந்தச் சனிக்கிழமை எத்தனை வாகனம் மலையேறும் என்பது முன்கூட்டியே தெரியும். கூட்டம் அதிகம் வரும் சனிக்கிழமையைப் பாருங்கள். அந்த நாளில், மாலை நாலு மணிக்கு மேல் வாருங்கள்.

அடுத்தது டேப். வண்டி ஆறடிக்கு நாலடி என்றால் கட்டத்தையும் அதே அளவில் போட்டுவிடுகிறார்கள். வழக்கமாக நடக்கிற தவறு இது. விற்பவர் நிற்க இரண்டடி, வாங்குபவர் நிற்க மூன்றடி யார் கொடுப்பது? வாங்குபவர் தார்ச்சாலையில் நிற்பார், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும், பழி வண்டிமேல் விழும். ஆக, வண்டியின் நாலடியோடு சேர்த்து உள்வாட்டில் ஒன்பதடி வேண்டும். அது கிடைக்காத இடத்தில் கட்டமே போடாதீர்கள். நாங்களே வேண்டாம் என்போம். சோளம் சுடும் வண்டிகளுக்கு இடையே மூன்றடியாவது விடுங்கள். ஏரிக்காற்று கிளம்பினால் கரிப்பொறி பக்கத்துத் தார்ப்பாயில்தான் போய் விழும்.

சரிவையும் பாருங்கள். சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தால் வண்டி நிற்கும், ஆனால் சட்டி சமமாகாது. பஜ்ஜி எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி விளிம்பைத் தொடும். சமதளத்தை அடுப்பு வண்டிகளுக்குக் கொடுத்து, ஸ்வெட்டர், பொம்மைக் கடைகளைச் சரிவுக்கு மாற்றலாம்.

குப்பையில் எங்கள் பக்கமும் குறை உண்டு. சோளத் தோகை ஓடையை அடைத்தால் ஒரே மழையில் தண்ணீர் சாலைக்கு ஏறும். ராத்திரி வெளியே கிடந்தால் காட்டுமாடு வந்து நிற்கும். எட்டரை மணிக்குக் கடை கட்டும் நேரத்தில் ஒரு முறை குப்பை வண்டி அனுப்புங்கள், மூட்டை கட்டித் தருகிறோம். அடுப்புச் சாம்பலைத் தனித் தகர டின்னில் தண்ணீர் தெளித்துத்தான் தருவோம். கனலோடு கொட்டினால் தொட்டியே எரியும்.

இடம் மாற்ற 30 நாள் நோட்டீஸ், பறிமுதல் என்றால் கையெழுத்திட்ட பொருட்பட்டியல், உரிமை கோரினால் காய்கனி போன்ற அழுகும் சரக்கை அன்றைக்கே, மற்றவற்றை 2 வேலை நாளில் திருப்பித் தர வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த சட்டம்தான். பட்டியல் படிவத்தை மட்டும் ஊழியர்கள் கையோடு கொண்டுவரட்டும்.

குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். சனிக்கிழமை கூட்டம் போட்டால் அவர்களில் ஒருவரும் வரமாட்டார்கள். கூட்டத்துக்குச் செவ்வாய்க்கிழமை காலைதான் சரி.

இப்படிக்கு,
ஏரிச் சாலை, ஏழு ரோடு தள்ளுவண்டி வியாபாரிகள்