ஒற்றைக்கால் பயிற்சி: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

வரும் திங்கள் முதல் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு உடற்கல்விப் பாடவேளையின் முதல் பத்து நிமிடம் ஒற்றைக்கால் பயிற்சிக்கு ஒதுக்கப்படுகிறது. நொண்டி, பாண்டி, ஒரு காலில் நின்று பந்து பிடிப்பது, தாழ்வான படியில் ஏறி ஒரு காலால் மெதுவாக இறங்குவது, இவ்வளவுதான். "ஓட்டமும் தோப்புக்கரணமும் போதாதா சார், கால் பிசகினால் யார் பார்ப்பது?" என்று சில தாய்மார்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. விரிவாகவே சொல்கிறேன்.

நடக்கும்போது ஏறத்தாழ 80 சதவீத நேரம் உடலின் முழு எடையும் ஏதாவது ஒரு காலில்தான் நிற்கிறது. ஓடும்போது இரண்டு காலும் சேர்ந்து தரையில் இருப்பதே கிடையாது. ஊன்றுகிற அந்த ஒரு கால் உடல் எடையைப்போல இரண்டு, மூன்று மடங்கு விசையைத் தாங்குகிறது. உயரம் தாண்டுதலில் ஒரு காலை ஊன்றித்தான் எழும்ப வேண்டும் என்பது விதி.

ஆனால் நாம் பிள்ளைகளின் பலத்தைப் பார்ப்பதோ இரண்டு காலையும் சேர்த்துத்தான். அண்மையில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தோப்புக்கரணத்தை அழகாகப் போட்டாள். இடது காலில் மட்டும் நிற்கச் சொன்னோம். வலது பக்க இடுப்பு கீழே இறங்கியது, உடம்பு இடது பக்கம் சாய்ந்தது. படியிலிருந்து இறங்கச் சொன்னபோது இடது முழங்கால் உள்பக்கமாக மடிந்தது. இடது காலில் நிற்கும்போது வலது பக்க இடுப்பைச் சரியாமல் பிடித்து வைப்பது இடது இடுப்பின் பக்கவாட்டுத் தசை. இரண்டு காலும் தரையில் இருக்கும்போது அதற்கு அதிக வேலை இல்லை. அந்தப் பிள்ளையின் இடது பக்கப் பலவீனம் தோப்புக்கரணத்தில் எங்கள் யார் கண்ணுக்கும் படவில்லை.

இன்னொன்று. ஒரு காலால் எம்பினால் இரண்டு காலால் எம்புவதில் பாதி உயரம்தான் வரும் என்று நினைப்போம். பாதிக்கும் மேலேயே வருகிறது. இரண்டு காலும் சேர்ந்து தள்ளும்போது உடம்பு வேகமாக மேலெழும்பிவிடுகிறது. வேகமாகச் சுருங்கும் தசையால் அவ்வளவு விசை கொடுக்க முடியாது. ஒரு கால் தனியாகத் தள்ளும்போது உடம்பு மெதுவாகவே எழும்புவதால், அந்தக் கால் கூடுதல் விசை கொடுக்க முடிகிறது. சிறு பிள்ளைகளுக்கு முதுகில் பாரம் ஏற்றாமலே பலம் சேர்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தோப்புக்கரணத்தையும் நிறுத்தவில்லை. பாரம் தூக்கவும் நின்ற இடத்திலிருந்து தாண்டவும் இரண்டு கால்களும் ஒன்றாக உழைக்கப் பழக வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சி பிள்ளைகளுக்கு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் இரண்டு வகையும் இருக்கட்டும்.

ஒரு காலில் குறைபாடுள்ள பிள்ளைகளை ஓரமாக உட்கார வைக்கமாட்டோம். அவரவர்க்கு ஏற்றபடி பயிற்சி மாறும், பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கும். ஐந்து வயதில் பேருந்து விபத்தில் வலது கால் சிதைந்த நம் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு, 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அப்படிப்பட்ட பிள்ளையை வேடிக்கை பார்க்க வைக்க எனக்கு மனம் வராது.

கால் பிசகும் என்ற பயத்துக்கு: பயிற்சி மண் தரையில், வெயில் ஏறுமுன் நடக்கும். முதலில் நிற்பது, அது கைவந்த பிறகே குதிப்பது. வளரும் வயதில் சிலருக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே, எலும்பு புடைத்திருக்கும் இடத்தில் தொட்டாலே வலிக்கும். குதித்தால் அது கூடும். உங்கள் பிள்ளைக்கு அப்படி இருந்தாலும், கணுக்காலில் பழைய அடி இருந்தாலும், வெள்ளிக்கிழமைக்குள் நாட்குறிப்பில் எழுதி அனுப்புங்கள். அவர்களுக்குக் குதிப்பு கிடையாது.

வீட்டில் பிள்ளை பல் துலக்கும்போது ஒவ்வொரு காலிலும் சிறிது நேரம் நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து இடுப்பைப் பாருங்கள். எந்தப் பக்கம் சரிகிறது என்பதையும் அந்தக் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். அண்ணன் தம்பியோடு ஒப்பிட வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்