மழைக்காலச் சர்வீஸுக்குப் பிறகு மங்கிப்போன முன்கண்ணாடி: ஒரு புகார்

அனுப்புநர்
வேதியியல் ஆசிரியை,
திருவொற்றியூர், சென்னை – 600 019.

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

நாள்: நவம்பர் 18

பொருள்: காரின் முன்கண்ணாடிப் பூச்சிலும் வைப்பர் மாற்றத்திலும் நேர்ந்த குறைபாடு, கண்ணாடியையே மாற்றச் சொன்ன தவறான ஆலோசனை, செலுத்திய பணத்தைத் திருப்பிக் கேட்பது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். வடசென்னையில் உள்ள உங்கள் சர்வீஸ் நிலையத்தில் மழைக்காலச் சிறப்புச் சர்வீஸ் செய்துகொண்ட வாடிக்கையாளர் நான். மூன்று முறை நேரில் வந்து சொல்லியும் யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. அதனால் எழுத்தில் தருகிறேன். முழுவதும் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

செப்டம்பர் 20-ஆம் தேதி காரை விட்டேன். ஏழு வருடப் பழைய சிறிய கார். திருவொற்றியூரிலிருந்து மீஞ்சூரில் உள்ள பள்ளிக்குத் தினமும் அதில்தான் போய் வருகிறேன், கூடவே இரண்டு சக ஆசிரியைகளும் வருகிறார்கள். மணலி புதுநகர், வல்லூர் வழியாகப் போகும் அந்தச் சாலையை இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கன்டெய்னர் லாரியும் டேங்கர் லாரியும் இரவு பகல் பாராமல் ஓடுகிற வழி. மழை பெய்தால் அவற்றின் சக்கரங்கள் வாரியடிக்கும் சேற்றுநீர் காரின் மேல் போர்வைபோல் வந்து விழும். சென்னைக்கு வருடத்தில் கிடைக்கும் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்த மூன்று மாதத்துக்காகத்தான் முன்கூட்டியே உங்களிடம் வந்தேன். மொத்த பில் 9,380 ரூபாய். அதில் வாட்டர் வாஷும் வேக்ஸ் பாலிஷும் 1,450, கண்ணாடியில் மழைநீர் ஒட்டாமலிருக்கப் பூச்சு 1,800, வைப்பர் பிளேடு இரண்டு 1,190.

அக்டோபர் மூன்றாவது வாரம், மாலை ஆறரை மணி இருக்கும். நல்ல மழை. வல்லூரைத் தாண்டி மணலி புதுநகரை நெருங்கிக்கொண்டிருந்தோம். வைப்பர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அது போய்வந்த வழியெல்லாம் பிறை பிறையாகக் கோடுகள் நின்றன. தண்ணீரைத் துடைத்துத் தள்ளாமல், தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவதுபோல் பரப்பிவிட்டுப் போனது. எதிரே ஒரு கன்டெய்னர் லாரி வந்தது. அதன் முகப்பு விளக்கின் வெளிச்சம் அந்தக் கோடு ஒவ்வொன்றிலும் பட்டுச் சிதறியதில், கண்ணாடி முழுவதும் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. சாலை எங்கே, ஓரம் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. வேகத்தைக் குறைத்து முப்பதில்தான் வந்துகொண்டிருந்தேன்.

"டீச்சர், ஆள்!" என்று பக்கத்தில் இருந்தவர் அலறினார்.

பிரேக்கை மிதித்தேன். கார் நின்ற இடத்திலிருந்து ஒரு கை நீளத்தில், தலைக்கு மேல் நீல நிறப் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி ஒருவர் நின்றிருந்தார். வேலை முடிந்து வீடு திரும்புகிறவராக இருக்க வேண்டும், சைக்கிளில் சாப்பாட்டுத் தூக்கு தொங்கியது. அவர் என்னைத் திட்டவில்லை. கையை உயர்த்தி, போ என்று சைகை காட்டிவிட்டு நடந்தார். எனக்குத்தான் கால் நடுக்கம் நிற்கப் பத்து நிமிடம் ஆயிற்று. ஒரு மாதம் ஆகியும் அந்த நீல விரிப்பு கண்ணை விட்டுப் போகவில்லை. பணத்தைவிட அதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைக்கிறது.

மறுநாளே உங்கள் நிலையத்துக்கு வந்தேன். சர்வீஸ் அட்வைசர் கண்ணாடியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "மழையில் எல்லாக் காரும் இப்படித்தான் இருக்கும், மேடம்" என்றார். இரண்டாம் முறை வந்தபோது மறுபடியும் ஷாம்பூ போட்டுக் கழுவி, 'கண்ணாடி சுத்தம்' என்று 350 ரூபாய் வாங்கினீர்கள். அடுத்த மழையில் கோடுகள் முன்னைவிட அதிகமாயின. மூன்றாம் முறை, கண்ணாடி பழையதாகிவிட்டது, வைப்பர் உரசி உரசிக் கீறல் விழுந்துவிட்டது, இனி மாற்றுவதுதான் வழி என்று சொல்லி 14,500 ரூபாய்க்கு மதிப்பீட்டுத் தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது.

கீறல் என்றால் காய்ந்த கண்ணாடியிலும் அது தெரிய வேண்டும். வெயிலுக்கு நேரே பார்த்தால் பளிச்சென்று மின்னும், ஆழமானதாக இருந்தால் நகத்தால் வருடும்போது தட்டும். என் கண்ணாடியில் நகம் எங்கும் தட்டவில்லை. மாறாக, அந்தக் கோட்டை விரலால் அழுத்தித் தேய்த்தால் இடம் மாறியது, விரலில் வழவழப்பு ஒட்டியது. இடம் மாறுகிற கீறல் எந்தக் கண்ணாடியிலும் கிடையாது. அது கண்ணாடியின் மேல் படிந்திருக்கும் எண்ணெய்ப் படலம். இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம், ஒரு குவளைத் தண்ணீர் போதும். வகுப்பில் நான் மாணவிகளுக்குச் செய்து காட்டுகிற சோதனைதான். கண்ணாடி சுத்தமாக இருந்தால் தண்ணீர் ஒரே விரிப்பாகப் படர்ந்து இறங்கும். பூச்சு ஒழுங்காக இருந்தால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி முத்து முத்தாக உருளும். என் கண்ணாடியில் இரண்டும் நடக்கவில்லை. ஓரிடத்தில் முத்தாக நின்றது, பக்கத்திலேயே தேசப்படம்போல் திட்டுத் திட்டாக விலகியது, கீழே படர்ந்து வழிந்தது.

அந்தப் படலம் எங்கிருந்து வந்தது? கொஞ்சம் சாலையிலிருந்து வந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். டீசல் புகைக்கரியும் லாரி தெளித்த எண்ணெயும் கடற்காற்றின் உப்பும் இந்தப் பகுதியில் ஓடும் எந்தக் காரிலும் படியும். அதைப் போக்கத்தானே உங்களிடம் கொடுத்தேன்? நீங்கள் வேக்ஸ் கலந்த ஷாம்பூவை உடம்புக்கும் கண்ணாடிக்கும் சேர்த்தே போட்டு, அந்த அழுக்கின் மேல் மெழுகையும் ஏற்றிவிட்டீர்கள். பெயின்ட்டுக்குப் பளபளப்புத் தருகிற மெழுகு கண்ணாடிக்கு எதிரி. அதற்கும் மேல் 1,800 ரூபாய்ப் பூச்சு. மழைநீர் ஒட்டாத பூச்சு கண்ணாடியின் வெற்றுப் பரப்போடு பிணைந்தால்தான் நிற்கும். நடுவில் மெழுகு இருந்தால் அது மெழுகின் மேல்தான் உட்காரும், வைப்பர் நாலு முறை போய்வந்தால் பிய்ந்துவிடும். அடுப்பங்கரைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் பெயின்ட் அடித்தால் என்ன ஆகும் என்று எந்தப் பெயின்டரைக் கேட்டாலும் சொல்வார்.

இன்னொன்று தண்ணீர். உங்கள் நிலையத்தில் கழுவுவது ஆழ்துளைக் கிணற்று நீர். அதை நான் நாக்கில் வைத்தே பார்த்தேன், கரித்தது. மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் புகுந்துவிட்டது 1960-களின் இறுதியிலேயே தெரியவந்த செய்தி. பிற்பாடு 2010-இல், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை அந்தப் பக்கத்திலேயே காட்டுப்பள்ளியில் அமைத்தார்கள். தண்ணீருக்கு இந்தப் பகுதி மக்கள் பட்ட பாடு உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆகவே கிணற்று நீரில் கழுவியதைக் குற்றம் சொல்லமாட்டேன். அதில் கழுவிவிட்டுத் துடைக்காமல் வெயிலில் நிறுத்தியதைத்தான் குற்றம் என்கிறேன். நீர் ஆவியாகிப் போக, சுண்ணாம்புச் சத்து வட்ட வட்டமாகக் கண்ணாடியில் தங்கிவிட்டது. வீட்டில் குடம் வைக்கும் இடத்தில் படியும் அதே வெள்ளைக் கறை. கடல் உப்பு நீரில் கரைந்துவிடும். இது கரையாது, எத்தனை முறை ஷாம்பூ போட்டாலும் போகாது.

வைப்பர் விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதவே வருத்தமாக இருக்கிறது. இரண்டு பிளேடுக்குப் பணம் வாங்கியிருக்கிறீர்கள். மாற்றியது ஒன்று. ஓட்டுநர் பக்கத்தில் புதியது இருக்கிறது. இடது பக்கத்தில் நீங்கள் விட்டுவைத்தது என்னுடைய பழைய பிளேடு. நுனியில் ரப்பர் நாலு சென்டிமீட்டர் பிளந்திருக்கும், அதில் நான் போன வருடம் சுற்றிய கறுப்பு டேப் அப்படியே இருக்கிறது. மேலே மட்டும் துடைத்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். வெயிலிலும் ஓசோனிலும் இறுகி வெடித்த ரப்பர் எப்படித் துடைக்கும்? புதிய பிளேடும் முதல் நாளிலிருந்தே மெழுகின் மேல் ஓடியதால் அதன் விளிம்பிலும் மெழுகு ஏறிவிட்டது. ஈர வெள்ளைத் துணியால் விளிம்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். துணியில் மையிட்டதுபோல் கறுப்புக் கோடு, அதன் மேல் ஒரு பிசுபிசுப்பு. எத்தனை நல்ல பிளேடாக இருந்தாலும் அந்தப் பிசுக்கைக் கண்ணாடி முழுவதும் தடவத்தான் செய்யும்.

நீங்கள் கைவிட்ட வேலையைப் போன ஞாயிற்றுக்கிழமை நானே செய்தேன். எப்படிச் செய்தேன் என்று எழுதுகிறேன். உங்கள் ஊழியர்களுக்குப் பயன்படட்டும். நிழலில் காரை நிறுத்தி, மெட்ரோ வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி கலந்து முதலில் கழுவினேன். மணல் ஒட்டியிருக்கும்போது தேய்த்தால்தான் உண்மையான கீறல் விழும், அதனால் இதை அவசரப்படாமல் செய்தேன். சுண்ணாம்புக் கறைக்கு வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, நனைத்த துணியைக் கறையின் மேல் சில நிமிடம் போட்டு வைத்துத் துடைத்து அலசினேன். அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும், எண்ணெயை ஒன்றும் செய்யாது. ஆகவே படலம் அப்படியே இருந்தது. அதற்குப் பாரிமுனையில் சீரியம் ஆக்சைடு பொடி வாங்கி வந்திருந்தேன். கண்ணாடி மெருகேற்றுகிறவர்கள் பயன்படுத்துகிற பொருள்தான். தண்ணீர் விட்டுத் தயிர்ப்பதத்தில் குழைத்து, சுற்றியுள்ள ரப்பரிலும் பெயின்ட்டிலும் படாமல் டேப் ஒட்டி மறைத்து, ஒரு முழம் சதுரமாகப் பிரித்துக்கொண்டு, பஞ்சுப் பட்டையால் வட்டமாகத் தேய்த்தேன். ஆரம்பத்தில் குழம்பு கண்ணாடியில் ஒட்டாமல் விலகி விலகிப் போனது. அங்கேதான் மெழுகு இருக்கிறது என்று பொருள். தேய்க்கத் தேய்க்க அது சீராகப் படர்ந்தது. இரண்டு மணி நேரம் ஆயிற்று, தோள் வலித்தது. அலசிவிட்டு ஒரு குவளைத் தண்ணீரை மேலிருந்து ஊற்றினேன். ஓர் இடத்தில்கூட அறுபடாமல், ஒரே திரையாக இறங்கியது.

பிறகு உட்புறம். டாஷ்போர்டுக்கு நீங்கள் போட்ட சிலிக்கோன் பாலிஷ் வெயிலில் ஆவியாகி உள்பக்கக் கண்ணாடியில் மெல்லிய மூட்டமாகப் படிந்திருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் உள்ளே மேலும் கீழுமாகவும் வெளியே இடமும் வலமுமாகவும் துடைத்தேன். அப்படிச் செய்தால் எஞ்சிய கோடு எந்தப் பக்கத்தது என்று அதன் போக்கிலேயே தெரிந்துவிடும். அதே துணியால் புதிய பிளேடின் விளிம்பையும் துடைத்து, இடது பக்கத்துக்கு நானே ஒரு புதிய பிளேடு வாங்கி மாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை மாலை அதே சாலையில், அதே போன்ற மழையில் வந்தேன். லாரியின் விளக்கு விளக்காகவே தெரிந்தது. ஓரத்தில் குடையோடு போன சிறுமியின் புத்தகப்பையில் இருந்த படம்வரை தெரிந்தது. பக்கத்தில் இருந்த அதே ஆசிரியை, "கண்ணாடியை மாற்றிவிட்டீர்களா டீச்சர்?" என்று கேட்டார். 14,500 ரூபாய்க்கு மாற்றச் சொன்ன அதே கண்ணாடிதான்.

என் மீது உங்கள் ஊழியர்களுக்குக் கோபம் வர வேண்டாம். காரைக் கழுவும் பையன்கள் உச்சி வெயிலில் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடுவதை மூன்று முறையும் பார்த்தேன். ஒரு காருக்கு இருபது நிமிடம் என்று நேரம் வைத்தால் யாராலும் கண்ணாடியைத் தனியாகக் கவனிக்க முடியாது. அந்த நேரக் கணக்கைப் போட்டவர்களிடம்தான் நான் கேட்கிறேன். ஆனால், மாற்றாத பிளேடுக்குப் பில் போட்டதும், தொட்டுப் பார்க்காத கண்ணாடியைக் கெட்டுப்போனது என்று எழுதிக் கொடுத்ததும் நேரமின்மையால் வந்தவை அல்ல.

எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். எஞ்சின் ஆயில், ஃபில்டர் வேலைகள் நன்றாகவே இருந்தன, அவற்றுக்கான பணத்தைக் கேட்கவில்லை. வாஷும் பாலிஷும் காரின் உடம்புக்காவது பயன்பட்டன, அதையும் விட்டுவிடுகிறேன். நிற்காத பூச்சுக்கு 1,800, மாட்டாத பிளேடுக்கு 595, பயனில்லாத கண்ணாடிச் சுத்தத்துக்கு 350, நான் வாங்கிய பொடி முதலான பொருள்களுக்கு 540, ஆக 3,285 ரூபாய் திரும்ப வேண்டும். நான் வாங்கி மாட்டிய பிளேடின் விலையை நானே ஏற்கிறேன். கண்ணாடியை மாற்றச் சொன்னது எந்தச் சோதனையின் அடிப்படையில் என்று எழுத்தில் விளக்கம் வேண்டும். மழைநீர் பூச்சுப் போடுவதற்கு முன் மெழுகை நீக்கித் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதை எல்லா நிலையங்களிலும் கட்டாயமாக்கி, அந்த உத்தரவின் நகலை எனக்கு அனுப்புங்கள். மழை இன்னும் முடியவில்லை. அதே பூச்சோடு இந்தப் பகுதியில் எத்தனை கார்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பது உங்கள் பில் புத்தகத்தில் இருக்கும். அவர்களை அழைத்துச் சரிசெய்து கொடுங்கள். மற்றதைவிட இதை முதலில் செய்யுங்கள்.

கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு என்று வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுப்பேன். ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட புகாருக்குக் கட்டணம் இல்லை, நான் குடியிருக்கும் இடத்திலேயே தொடுக்கலாம் என்பதையும் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

பில், மதிப்பீட்டுத் தாள், தண்ணீர் சோதனையின் படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். டேப் சுற்றிய பழைய பிளேடைச் செய்தித்தாளில் பொதிந்து வீட்டில் வைத்திருக்கிறேன். உங்கள் அதிகாரி யார் வந்தாலும் காட்டுவேன், ஆனால் கொடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
திருவொற்றியூர்.