டீயை ஊதிக் குடிக்கிற ஆள்

குடியாத்தம்
ஞாயிறு, மாலை

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு இந்த வருஷமும் நீ இல்லை. சித்தப்பா வீட்டார் வந்திருந்தார்கள். வழக்கம்போல் திண்ணையில் ரம்மி. எனக்கு நீ சொன்னதே மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது: போக்கரில் கைக்கு வந்த ரெண்டு சீட்டும் ஏஸ், எதிராளியிடம் ரெண்டு ராஜா, எல்லாப் பணத்தையும் உள்ளே தள்ளியும் தோற்றேன், அப்புறம் தலைகால் புரியவில்லை என்றாயே, அதுதான்.

ரிட்டயர் ஆனாலும் கணக்கு டீச்சர் புத்தி போகுமா? முதல் சீட்டு ஏஸாக வர 52-ல் 4, அடுத்தது 51-ல் 3. பெருக்கினால் 221-ல் ஒன்று. மணிக்கு 30 கை போடுவார்கள் என்றாய். அப்படியென்றால் ஏறக்குறைய ஏழு மணி நேரத்துக்கு ஒரு தடவை. அவ்வளவு நேரம் காத்திருந்து வந்த சீட்டு ஜெயித்தே ஆகவேண்டும் என்று நினைத்துவிட்டாய். போனில் தேடிப் பார்த்தேன்: ராஜா ஜோடிக்கு எதிராக ஏஸ் ஜோடி நூற்றுக்கு 82 தடவை போல ஜெயிக்குமாம். பாக்கி 18 யார் தலையிலாவது விடியத்தானே வேண்டும்? அந்தக் கையில் உன் மேல் தப்பே இல்லை. அதற்கப்புறம் மூணு மணி நேரம் ஆடினாய் பார், அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

தோற்ற சூட்டில் அப்படி நிதானமில்லாமல் ஆடுவதற்கு 'டில்ட்' என்று பேராம். பின்பால் மெஷினைப் பிடித்து உலுக்கினால் ஆட்டம் நின்றுவிடுமே, அதிலிருந்து வந்த வார்த்தை என்று நீயேதான் சொன்னாய். மெஷினாவது நின்றுவிடுகிறது.

உங்கப்பாவை எத்தனை வருஷமாக டீ கொடுத்துக்கொண்டே கவனித்திருக்கிறேன் தெரியுமா? ரம்மியில் கை சேராவிட்டால் முதலிலேயே ஸ்கூட் விட்டால், அதாவது அந்த ஆட்டம் வேண்டாமென்று சீட்டைக் கவிழ்த்துவிட்டால், நஷ்டம் 20 பாயிண்டோடு போகும். நடுவில் விட்டால் 40. பிடிவாதமாக உட்கார்ந்து மாட்டினால் 80. அவருக்குத் தெரியாததா? ஆனால் நல்ல கை ஒன்று தோற்றுவிட்டால் போதும், அப்புறம் ஸ்கூட் என்ற வார்த்தையே வாயில் வராது. எனக்கு ரம்மி அரைகுறைதான். ஆனாலும் அவர் தோற்கப்போவது அவருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். கொதிக்கக் கொதிக்கக் கொடுத்த டீயை ஊதாமல் குடிப்பார். நாக்கில் சூடே தெரியாது. அப்படி ஒரு சிரசு ராத்திரிதான் என் வளையல் அடகுக்கடைக்குப் போனது. நீ மூணாவது படித்துக்கொண்டிருந்தாய். பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறேன் என்று உன்னிடம் சொன்னேன்.

அவரை மாற்றியது நானில்லை. நான் போட்ட சண்டையெல்லாம் வீண். பக்கத்து வீட்டு லுங்கி நெசவுக்காரரை ஞாபகம் இருக்கிறதா? தறியில் இழை அறுந்தால் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, ரெண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா பார்ப்பார். பிறகுதான் முடிச்சு. சீட்டிலும் அதேதான். பதின்மூணு சீட்டும் விழுந்து முடிகிற வரை தொடமாட்டார். அப்பா முதலில் அதைக் கிண்டல் பண்ணினார். அப்புறம் சத்தமில்லாமல் தானும் அப்படியே உட்கார ஆரம்பித்தார். கோபம் குறைந்ததா என்று கேட்காதே, குறையவில்லை. வருவது தெரிய ஆரம்பித்தது. தெரிந்தால் எழுந்து கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வருவார். சில நாள் திரும்பி வரவே மாட்டார், படுத்துவிடுவார்.

உனக்கும் ஏதாவது இருக்கும். காது சுடும், கால் ஆடும், சீட்டை அவசரமாகத் தூக்குவாய். சின்ன வயசில் கேரமில் தோற்றால் உனக்குக் காதுதான் சிவக்கும், எதற்கும் அங்கே முதலில் பார். உன் முறை வருகிற வரை சீட்டைத் திருப்பாமல் இருந்து பழகு. எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய் என்பதை உட்காருவதற்கு முன்பே முடிவு பண்ணு, தோற்றபிறகு பண்ணாதே. ஆடவே ஆடாதே என்று எழுதத்தான் ஆசை. இங்கே 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் ஆட்டத்தையே தடை செய்து சட்டம் வந்துவிட்டது. அங்கே நடக்கிற கிளப்பை நான் என்ன செய்ய?

நேற்று அப்பா மூணு தடவை ஸ்கூட் விட்டார். டீயை ஊதித்தான் குடித்தார். 80 மாட்டியது சித்தப்பாவுக்கு.

எவ்வளவு போனது என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த மாச வாடகைக்கு வைத்திருக்கிறாயா, அதை மட்டும் எழுது.

அம்மா