தரூதாந்துக்கு வரும் அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கே அம்மா, அத்தான், பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே. அரையாண்டு லீவுக்குக் குடும்பத்தோடு இங்கே மொராக்கோவுக்கு வருவதாக நீ சொன்னதிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. போனில் பேசினால் பாதி விஷயம் விட்டுப்போகிறது, நடுவில் அம்மா போனை வாங்கி "சாப்பிட்டியா"வில் ஆரம்பித்துவிடுகிறாள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். டிக்கெட் போடுவதற்கு முன்னால் அத்தானையும் ஒருமுறை படிக்கச் சொல்.

அத்தான் அனுப்பிய பிளானில் மராக்கேஷுக்கு நாலு நாள், காசாபிளாங்காவுக்கு இரண்டு நாள், நான் இருக்கும் தரூதாந்துக்கு ஒரே ஒரு மத்தியானம் என்று இருக்கிறது. தயவுசெய்து அதை மாற்றச் சொல். மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் "சுவர் நன்றாக இருக்கிறது, உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை" என்றுதான் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் பாதிக் கடை மூடியிருக்கும், ஊரே சாப்பிட்டுப் படுத்திருக்கும், அவர்கள் வேறென்ன சொல்வார்கள். இது அரண்மனையும் மியூசியமும் பார்க்கிற ஊர் இல்லை, சந்தை ஊர். சூஸ் பள்ளத்தாக்கில் இருக்கிற கிராமத்து ஜனங்கள் ஆட்டை விற்கவும், கல்யாணத்துக்குத் துணி எடுக்கவும், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டவும் வருகிற ஊர். காலையிலும், சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகும்தான் அது விழித்துக்கொள்ளும். மூன்று ராத்திரியாவது இருங்கள், அதில் ஒன்று சனிக்கிழமை ராத்திரியாக இருக்கட்டும், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய வாரச்சந்தை. வெள்ளிக்கிழமை மட்டும் எதையும் திட்டமிட வேண்டாம், மத்தியானத் தொழுகையோடு கடைகள் அடைத்துவிடுவார்கள்.

வருகிற வழி சொல்கிறேன். இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஈ-விசா உண்டு, அரசாங்கத் தளத்தில் நாமே போட்டுக்கொள்ளலாம், ஏஜெண்டுக்கு அழ வேண்டாம். துபாய் அல்லது தோஹா வழியாகக் காசாபிளாங்கா, அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் அகாதிர். ரயில் மராக்கேஷோடு நின்றுவிடும், அகாதிருக்கு ரயில் கிடையாது. அகாதிர் விமான நிலையத்திலிருந்து தரூதாந்த் காரில் ஒரு மணி நேரம்தான், நான் வண்டியோடு வந்து நிற்பேன். ஒருவேளை எனக்கு ஷிப்ட் மாறி வர முடியாமல் போனால் அத்தானுக்கு இதைச் சொல்லி வை: இனெஸ்கான் என்கிற பக்கத்து ஊர் ஸ்டாண்டுக்குப் போய் "கிராண்ட் டாக்சி" கேட்க வேண்டும். நம் ஊர் ஷேர் ஆட்டோ கணக்குதான், ஆறு பேர் சேர்ந்தால்தான் வண்டி நகரும், ஆளுக்கு ஒரு சீட் காசு. நீங்கள் ஐந்து பேர். ஆறாவது சீட்டுக்கும் நாமே கொடுத்துவிட்டால் உடனே கிளம்பிவிடுவான், அம்மாவும் கொஞ்சம் காலை நீட்டி உட்காரலாம். மராக்கேஷிலிருந்து மலை வழியாக, டிஸி ன் டெஸ்ட் கணவாய் ஏறி வரலாம் என்று அத்தான் எழுதியிருந்தார். அது வேண்டாம். 2000 மீட்டருக்கு மேலே ஏறி இறங்குகிற வழி, ஒரே வளைவு, அம்மாவுக்கு வயிற்றைப் புரட்டும். போதாததற்கு 2023 செப்டம்பர் பூகம்பத்தில் அந்த மலைப்பாதை நிறைய இடத்தில் சரிந்துபோனது. அந்த மலைக் கிராமங்களில் எத்தனையோ பேர் வீட்டையும் ஆளையும் ஒரே ராத்திரியில் இழந்திருக்கிறார்கள், என்னோடு வேலை பார்க்கிறவர்களில் சிலரும் உண்டு. நீங்கள் வந்து நாலு காசு இங்கே செலவழித்தால் அது அவர்களுக்கும்தான் போய்ச் சேரும் என்று நினைக்கிறேன்.

தங்குவது என் வீட்டில் இல்லை அக்கா, கோபித்துக்கொள்ளாதே. என் வீடு சுவருக்கு வெளியே, ஆரஞ்சு பேக்கிங் யூனிட்டுக்குப் போக வசதியாகப் பார்த்த சின்ன பிளாட். நீங்கள் சுவருக்கு உள்ளேதான் தங்க வேண்டும். நடுவில் முற்றம், அதில் ஒரு எலுமிச்சை மரம், சுற்றி அறைகள் என்று பழைய வீடுகளைத் தங்கும் விடுதியாக்கி வைத்திருக்கிறார்கள், அம்மாவுக்குத் தரைத்தள அறையாகக் கேட்டுவிட்டேன். விடியற்காலையில் பாங்கு சொல்லும்போது ஒரு தடவை தூக்கம் கலையும், பழகிவிடும்.

சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஊரைச் சுற்றி வளைத்து நிற்கிறது, முழுக்க மண். கல் இல்லை, செங்கல் இல்லை, பலகை அடித்து உள்ளே ஈரமண்ணைக் கொட்டி இடித்து இடித்து ஏற்றியது. கிட்டப் போய்ப் பார்த்தால் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும், சாரம் கட்டின கம்புகள் இருந்த இடம். பெரும்பகுதி 16ஆம் நூற்றாண்டில் ஸாதி வம்சத்து அரசர்கள் கட்டியது, மராக்கேஷுக்குப் போவதற்கு முன்னால் அவர்களுக்கு இங்கேதான் தலைநகர். அப்போது இந்தப் பள்ளத்தாக்கில் கரும்பு போட்டுச் சர்க்கரையை ஐரோப்பாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள், இப்போது நாங்கள் ஆரஞ்சு அனுப்புகிறோம். சாயங்காலம் சுவரைச் சுற்றிக் குதிரை வண்டியில் போகலாம், அம்மா முழங்காலுக்கு அதுதான் சரி. ஏறுவதற்கு முன்னால் காசைப் பேசிவிட வேண்டும், இறங்கும்போது பேசக்கூடாது. பிள்ளைகளுக்கு வாடகை சைக்கிள் எடுத்துத் தருகிறேன், ஊரே மேடு பள்ளம் இல்லாமல் கிடப்பதால் இங்கே கிழவர்கள்கூட சைக்கிள்தான். டிசம்பரில் வடக்கே அட்லஸ் மலையில் பனி பிடித்திருக்கும், சுவருக்கு மேலே வெள்ளையாகத் தெரியும். பெரியவன் டிரோன் கொண்டு வருகிறேன் என்றானே, வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல். அனுமதி இல்லாத டிரோனை ஏர்போர்ட்டிலேயே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.

உள்ளே கடைத்தெரு இரண்டு. அஸ்ஸராக் மைதானத்துப் பக்கம் இருப்பதை அரபுச் சந்தை என்பார்கள், வெள்ளி நகை, தோல் செருப்பு, கம்பளம் எல்லாம் அங்கே. இன்னொன்று பெர்பர் சந்தை (பெர்பர் என்றால் இந்த நாட்டுப் பூர்வீக ஜனங்கள்), காய்கறி, மசாலா, பேரீச்சை, பிளாஸ்டிக் குடம், உள்ளாடை வரைக்கும். எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். மராக்கேஷில் மாதிரி கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள். யாராவது ரொம்பக் கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே "லா, சுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இரு. நீங்கள் இந்தியா என்று தெரிந்தால் வயசான கடைக்காரர்கள் "அமிதாப் பச்சன்!" என்பார்கள், இளவட்டம் "ஷாருக் கான்!" என்பார்கள், அப்புறம் டீ வரும். டீயைக் குடித்தால் வாங்கியே ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

விலை கேட்கும்போது ஒரு விஷயம் மிக முக்கியம். இங்கே பழைய ஆட்கள் இந்த நாட்டுப் பணமான திர்ஹாமில் சொல்ல மாட்டார்கள், ரியாலில் சொல்வார்கள். ரியால் என்று ஒரு நோட்டு கிடையாது, வாய்க்கணக்கு மட்டும்தான், இருபது ரியால் ஒரு திர்ஹாம். நூறு என்றால் ஐந்து திர்ஹாம். ஏமாற்றுகிறான் என்று நினைத்துச் சண்டைக்குப் போய்விடாதே, "திர்ஹாம்?" என்று கேட்டால் மாற்றிச் சொல்வார்கள். கம்பளம், நகை என்றால் பேரம் பேசலாம், பேச வேண்டும். காய்கறிக்காரியிடம் பேசாதே, அவள் எல்லோருக்கும் சொல்கிற விலையைத்தான் உனக்கும் சொல்கிறாள். காசை ரூபாயாகக் கொண்டு வராதே, இங்கே யாரும் மாற்றித் தரமாட்டார்கள், யூரோவாகக் கொண்டு வா. திர்ஹாமை அங்கே வாங்க முடியாது, இங்கே வந்துதான்.

வாங்குவதற்கு உருப்படியானது இரண்டு. ஒன்று குங்குமப்பூ. கிழக்கே தலியுவீன் பக்கம் விளைகிறது, அக்டோபர் கடைசியில் ஆரம்பித்து நவம்பரில் பூ எடுப்பார்கள், நீங்கள் வரும்போது புதுச் சரக்கு இருக்கும். இழையாகப் பார்த்து கிராம் கணக்கில் வாங்கு. மசாலாக் கடையில் மலிவாகக் குவித்து வைத்திருக்கிற மஞ்சள் பொடியைத் தொடாதே, அது வெறும் சாயம். இரண்டாவது ஆர்கன் எண்ணெய், இந்தப் பக்கத்தில் வளர்கிற ஆர்கன் மரத்துக் கொட்டையிலிருந்து எடுப்பது. பெண்கள் கூட்டுறவு ஒன்றுக்கு உன்னையும் அம்மாவையும் கூட்டிப்போகிறேன். தரையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், மடியில் ஒரு தட்டைக் கல், கையில் ஒரு உருண்டைக் கல். கொட்டையை இரண்டு விரலில் நிறுத்திப் பிடித்து ஒரே தட்டு, ஓடு இரண்டாகப் பிளந்து பருப்பு தனியாக விழும், கண் கொட்டையில் இருக்காது, வாய் பக்கத்து ஆளோடு கதை பேசிக்கொண்டிருக்கும். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய முப்பது கிலோ பழம் வேண்டும். அதனால்தான் ரோட்டோரத்தில் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மலிவாக விற்பதை நம்பக்கூடாது. வறுத்துப் பிழிந்தது பழுப்பாக இருக்கும், சாப்பாட்டுக்கு. வறுக்காதது வெளுப்பாக இருக்கும், தோலுக்கும் தலைக்கும். அதே எண்ணெயில் பாதாமும் தேனும் சேர்த்து அரைத்த "அம்லு" என்று ஒன்று உண்டு, ரொட்டியில் தொட்டுக்கொள்ள. சின்னவள் அதை விடமாட்டாள் பார்.

சாப்பாட்டைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம். மாட்டுக்கறி "பக்ரி", ஆடு "கன்மி", கோழி "திஜாஜ்". கொத்துக்கறி உருண்டையாக வருவது பெரும்பாலும் மாடு, அதைக் கேட்காமல் வாங்காதே. காய்கறி தஜீன் (கூம்பு மூடி போட்ட மண்சட்டியில் வேகவைக்கிற குழம்பு) எல்லாக் கடையிலும் உண்டு, ஆனால் சில இடத்தில் கறித் தண்ணீரில் வேகவைப்பார்கள், "ப்லா ல்ஹம்" (கறி இல்லாமல்) என்று அழுத்திச் சொன்னால் தனியாகச் செய்து தருவார்கள். காலையில் மெல்லிசாக மடித்துச் சுடுகிற ம்ஸெமன் நம் வீச்சுப் பரோட்டாவேதான். காரம் மட்டும் கிடையாது, அதனால் நீ கொண்டு வருகிற இட்லிப்பொடியில் பாதி எனக்கு.

உனக்கு ஒரு நாள் ஹம்மாம், அதாவது இங்கத்திய பொது வெந்நீர்க் குளியல் கூடம். பெண்களுக்குத் தனி நேரம், தனிக் கூடம். கறுப்புச் சோப்பைத் தேய்த்து ஊறவிட்டு, சொரசொரப்பான கையுறையால் தேய்த்துவிடுவார்கள். என் பக்கத்து வீட்டு அம்மாள் உன்னைத் தானே கூட்டிப்போவதாக இப்போதே சொல்லிவிட்டார், அவருக்குத் தஷெல்ஹித் என்கிற பெர்பர் மொழியும் அரபியும்தான் தெரியும், உனக்குத் தமிழ்தான் தெரியும், அதெல்லாம் நடக்கும். நான் வந்த புதிதில் வெள்ளிக்கிழமைதோறும் கூஸ்கூஸ் (ஆவியில் வேகவைத்த கோதுமை ரவை) தட்டோடு கதவைத் தட்டியவர் அவர்தான். அவருக்கு ஒரு சுங்குடிச் சேலை எடுத்து வா, ஜன்னலுக்குத் திரை போட்டாலும் போடுவார், சந்தோஷப்படுவார்.

உடுப்பு நீ வழக்கமாகப் போடுகிற சுடிதாரே போதும், ஷால் இருக்கட்டும். மசூதிக்குள் நாம் போக முடியாது, வாசலில் நின்று எட்டிப் பார்த்துப் படம் எடுக்கவும் வேண்டாம். ஆட்களைப் படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடு. முக்கியமாக ஸ்வெட்டர், சாக்ஸ். பகலில் வெயில் இதமாக இருக்கும், இருட்டினால் குளிர் எலும்பில் ஏறும், இந்த வீடுகளில் ஹீட்டர் கிடையாது. கம்பளி நான் வாங்கி வைக்கிறேன்.

எல்லோருடைய பாஸ்போர்ட் முதல் பக்கத்தையும் இந்த வாரமே படம் எடுத்து அனுப்பு, அம்மாவுடையது எப்போது முடிகிறது என்று தேதியைப் பார். விடுதிக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறார், நான் கட்டிவிடுகிறேன், மூன்று ராத்திரியா நாலா என்பதை மட்டும் அத்தானிடம் கேட்டுச் சொல்.

அன்புடன்,
உன் தம்பி